குழந்தைகளும் கொரோனாவும்

2020-ம் வருஷம் மே மாதத்தில், சென்னைக் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பியவர்கள் மூலம் விழுப்புரம் ஜில்லாவில் கொரோனா பரவிய காலத்தில், “இந்நோய் குழந்தைகளை ஒன்றும் செய்யாது” என்ற பேச்சு எங்கும் அடிபட்டது. மறு வருஷம், “மூன்றாவது அலை குழந்தைகளையே வாரிக்கொண்டு போகும்” என்ற பீதி கிளம்பிற்று. இரண்டும் பிசகு என்பதை அநுபவம் காட்டிவிட்டது.

பெரும்பாலான குழந்தைகளுக்கு ஜுரம், இருமல், தொண்டைவலி, சில சமயம் வாந்தி பேதி ஆகியவை உண்டாகிச் சில தினங்களில் தணிந்துவிடுகின்றன. எடைக்குத் தக்கபடி கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வீதம் பாரசிட்டமால், தாராளமாக நீராகாரம், மூச்சின் மீது ஒரு கண்: இவையே போதுமான சிகிச்சை. பிராணவாயு அளவு 94-க்குக் கீழ் இறங்கினால் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு ரெம்டெசிவிர் வேண்டாமென்றும், லேசான நோய்க்கு ஸ்டீராய்டு கூடாதென்றும் மத்திய சர்க்காரின் சுகாதார இலாகா 1921-ல் அல்ல, நூறாண்டு கழித்து 2021 ஜூனில்தான் எழுதி வைக்க வேண்டியிருந்தது. அந்த அளவுக்கு மருந்து மோகம் நம்மைப் பிடித்திருக்கிறது!

உண்மையான அபாயம் வேறிடத்தில் இருக்கிறது. தொற்று வந்து இரண்டு முதல் ஆறு வாரங்கள் சென்றபின், வீட்டார் அதை மறந்துவிட்ட சமயத்தில், சில குழந்தைகளுக்கு மீண்டும் கடும் ஜுரம் காண்கிறது. வயிற்றுவலி, வாந்தி, தோலில் தடிப்பு, கண் சிவப்பு முதலியன தோன்றுகின்றன. ரத்த அழுத்தம் வீழ்ந்து இருதயமும் பாதிக்கப்படலாம். 2020 ஏப்ரலில் இங்கிலாந்து வைத்தியர்கள் முதன்முதல் கவனித்த இந்நோய், ஜப்பானிய டாக்டர் கவாசாகி 1967-ல் விவரித்த வியாதியைப் பெரிதும் ஒத்திருக்கிறது. குடல்வால் நோயென்று தவறாக எண்ணவும் இடமுண்டு. லேசான நோயில் விலக்கப்பட்ட ஸ்டீராய்டே இங்கு உயிர் காக்கிறது. அத்துடன் கிலோவுக்கு 2 கிராம் வீதம் இம்யூனோகுளோபுலின் நரம்பில் ஏற்றப்படுகிறது. பலருடைய ரத்த நீரிலிருந்து எடுக்கப்படுவதால் இதன் விலை அதிகம். காலத்தில் சிகிச்சை பெற்ற குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கின்றனர்.

“காலத்தில்” என்ற சொல்லில்தான் விஷயம் அடங்கியிருக்கிறது. திண்டிவனத்தைச் சுற்றியுள்ள கிராமவாசிக்கு, 2010-ல் ஆரம்பமான முண்டியம்பாக்கம் வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரி ஓரளவு சமீபம். எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியோ சுமார் 75 மைல். ரத்த அழுத்தம் வீழ்ந்த குழந்தை அவ்வளவு தூரம் தாங்குமா?

2023 மே 5-ந் தேதி உலக சுகாதார ஸ்தாபனம் நெருக்கடி நிலை முடிந்ததென அறிவித்தது. தொற்று முடிந்துவிடவில்லை. பின்விளைவான இந்நோய் அபூர்வமாகிவிட்டது வாஸ்தவமே. ஆனால் அபூர்வமானதை இளம் வைத்தியர் கண்டிருக்கமாட்டார் என்பதும் வாஸ்தவம். ஆகவே, தாலுகா ஆஸ்பத்திரிகளில் ஜுரத்துடன் வரும் குழந்தையின் பெற்றோரிடம் “சென்ற மாதம் வீட்டில் யாருக்காவது ஜுரம் இருந்ததா?” என்று கேட்பதை விதியாக்க வேண்டும். இருதயப் பரிசோதனைக் கருவியும் அதை இயக்கத் தெரிந்தவரும் இரவிலும் கிடைக்க வேண்டும். இம்யூனோகுளோபுலின் ஜில்லாவிலேயே கையிருப்பில் இருக்க வேண்டும்.

பள்ளிகள் மூடிக்கிடந்ததால் ஏற்பட்ட படிப்பு நஷ்டத்தை ஈடுசெய்ய, 2021 அக்டோபர் 27-ந் தேதி மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில்தான் ‘இல்லம் தேடிக் கல்வி’ துவக்கப்பட்டது. கல்வி இல்லம் தேடி வந்த அதே கிராமங்களிலிருந்து, வைத்தியத்தைத் தேடிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் ஓட வேண்டியிருக்கிறது என்பதைப் பொதுஜன ஊழியர்கள் ஊர் ஊராகக் கணக்கெடுத்துச் சட்டசபை அங்கத்தினர்களின் முன் வைப்பார்களாக.