பூச்சு வேலைக்கு முன்னே

32 அடி உயர ஆஞ்சநேயரைத் தரிசித்துவிட்டு நங்கநல்லூரின் உள்தெருக்களில் சிறிது தூரம் நடந்து செல்கிறவர் எவரும், பழைய தனி வீடு ஒன்று இடிபட்டுக் கிடப்பதையும், சற்றுத் தள்ளி அப்படி இடிபட்ட மற்றொன்றின் ஸ்தானத்தில் அடுக்குமாடிக் கட்டிடத்தின் கான்கிரீட் தூண்கள் எழும்பி நிற்பதையும் காணாமல் திரும்ப முடியாது. ஹிந்து காலனியிலும் வோல்டாஸ் காலனியிலும் சிவில் ஏவியேஷன் காலனியிலும், உத்தியோக காலத்தில் கடன்பட்டு மனை வாங்கி, கிணறு தோண்டி, கொல்லையில் இரண்டு தென்னை வைத்து வீடு கட்டிக்கொண்ட ஒரு தலைமுறை, பிள்ளைகள் கலிபோர்னியாவிலும் சிங்கப்பூரிலும் ஸ்திரமாகக் குடியேறிவிட்ட பின்னர், அந்த வீட்டைக் கட்டிட ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்து, ஈடாக ஒன்றிரண்டு ஃபிளாட்டுகளைப் பெற்றுக்கொள்ளும் காலம் இது. அவ்விதம் எழுதப்படும் ஒப்பந்தப் பத்திரங்கள் சிலவற்றை நண்பர்களின் பொருட்டு நான் வாசித்திருக்கிறேன். டைல்ஸ் எந்த அளவு, குழாய் எந்தக் கம்பெனி, தலைவாசல் கதவு என்ன மரம், லிஃப்டில் எத்தனை பேர் ஏறலாம் என்றெல்லாம் பக்கம் பக்கமாக விவரிக்கும் அப்பத்திரங்களில், அந்த வீட்டில் வசிக்கப் போகிறவர்கள் எதன் மூலம் தங்கள் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கப் போகிறார்களோ, எதன் மூலம் பாட்டுக் கேட்டும் படம் பார்த்தும் களிக்கப் போகிறார்களோ, அந்த இணையக் கம்பியைப் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை.

இதை ஒரு பெருங்குறை என்று நான் கருதுகிறேன். செங்கல் தெரியச் சுவர் நிற்கும் அந்தச் சில வாரங்களில் செய்தால் அற்பச் செலவில் முடிகிற காரியம், பூச்சும் பெயிண்டும் ஆன பிறகு, சுவரில் காடி வெட்டி, வீடு முழுவதும் புழுதி பறக்கச் செய்தால்தான் நடக்கும் என்ற நிலைக்கு வந்துவிடுகிறது. ஆகவே பெரும்பாலோர் செய்வதே இல்லை.

மின்சாரம் நம் வீடுகளுக்குள் பிரவேசித்த காலத்தை நினைத்துப் பார்க்கலாம். அப்பொழுது சுவரின் மேற்புறத்திலேயே மரச்சட்டம் அறைந்து, அதன்மீது கம்பியைக் கிளிப்பால் பிடித்து ஓட்டினார்கள்; பேட்டன் வயரிங் எனப்பட்ட அந்த வேலைப்பாட்டை நங்கநல்லூரின் ஆதி வீடுகளில் இடிக்கும் தறுவாயிலும் பார்க்க முடிகிறது. பிற்பாடு அக்கம்பிகள் பைப்புக்குள் புகுந்து சுவருக்குள் மறைந்தன. இன்று மரச்சட்டத்தில் மின்கம்பி ஓட்டுவேன் என்று ஓர் எலெக்ட்ரீஷியன் சொன்னால் அவரை யாரும் வேலைக்கு வைக்க மாட்டார்கள். இணையமோ, 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட நாள் முதல் 30 வருஷங்களைக் கடந்த பின்னும், வீட்டுக்குள் மரச்சட்ட காலத்திலேயே நிற்கிறது. தொலைபேசிக் கம்பி வழியே வினாடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அதை அகலப்பாட்டை என்று 2004-ஆம் ஆண்டின் அரசாங்கக் கொள்கை அங்கீகரித்தது. இன்று தலைமயிர் பருமனுள்ள கண்ணாடி இழை அதைப்போல் ஆயிரம் மடங்கு வேகத்தைச் சர்வசாதாரணமாகக் கொண்டுவந்து வாசலில் கொட்டுகிறது. வாசலில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஃபைபர் பதிக்க வரும் இளைஞர் ஜன்னல் கம்பிக்கருகே ஒரு துளை போட்டு, கதவு நிலையை ஒட்டி ஆணி அடித்து, செருப்பு ஸ்டாண்டின் மேல் பெட்டியை வைத்துவிட்டுப் போய்விடுகிறார். அவருக்கு அன்றைய தினம் இன்னும் பல வீடுகள் பாக்கி. ஆயிரம் சதுர அடி வீட்டின் ஒரு கோடியில், இரும்புக் கிராதிக்கும் மீட்டர் பெட்டிக்கும் இடையே அமர்ந்த அந்தச் சாதனம், மறுகோடியில் உள்ள படுக்கையறைக்கு நான்கு சுவர்களைத் துளைத்துக்கொண்டு அலையை அனுப்ப வேண்டியிருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு மாமி, அமெரிக்காவிலுள்ள பேத்தியோடு இரவில் பேசுவதற்காகக் கைப்பேசியை எடுத்துக்கொண்டு, முழங்கால் வலியோடு உள்ளறையிலிருந்து எழுந்து வந்து, வாசற்கதவருகே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். உள்ளே இருந்தால் குழந்தையின் முகம் பாதிச் சிரிப்பில் உறைந்து நின்றுவிடுகிறது. அவருடைய மகன் மாதந்தோறும் கட்டும் சந்தாவோ 300 மெகாபிட் வேகத்துக்கு உரியது. இன்னும் அதிக வேகத்துக்கு மாறும்படி அவருக்குச் சிலர் யோசனை சொன்னார்கள். வேகம் வாசல்வரை பூரணமாக வந்துகொண்டிருக்கையில், வாசலுக்கு அப்பால் அது மடிந்துபோவதற்கு அதிகச் சந்தா எப்படிப் பரிகாரமாகும்?

வைஃபை என்பது வானொலி அலை. ஒரு சானலில் ஒரு சமயத்தில் ஒரு கருவி பேசினால் மற்றவை காத்திருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படைத் தர்மம். பக்கத்து வீட்டுக் கருவியும் அதே சானலில் இருந்தால் அதற்காகவும் காத்திருக்கத்தான் வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சானல்கள் 1, 6, 11 என மூன்றே. 12 ஃபிளாட்டுகள் கொண்ட கட்டிடத்தில் 12 ரவுட்டர்களும் அந்த மூன்றைப் பங்கிட்டுக்கொள்ள, சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ அதே அலைவரிசையில் இயங்கி இடையூறு செய்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் இடம் விசாலம். 2018-இல் மத்திய அரசாங்கம் அதில் மேலும் பல பகுதிகளை உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிட்டது. ஆயினும் அந்த அலை கான்கிரீட்டையும் கம்பி கட்டிய தூணையும் கண்டால் விரைவில் சோர்ந்துவிடும். இதற்கு மாற்றாகக் கடைகளில் விற்கும் மலிவான ரிப்பீட்டர்களோ, கேட்டதையே அதே சானலில் திருப்பிச் சொல்வதால், வேகத்தைச் சுமார் பாதியாகக் குறைத்துவிட்டுத்தான் தூரத்தைக் கூட்டுகின்றன.

நகராமல் ஓரிடத்தில் இருப்பவற்றுக்குக் கம்பி, கையோடு திரிபவற்றுக்குக் காற்று என்பதே என் சித்தாந்தம். தொலைக்காட்சிப் பெட்டி எங்கும் போவதில்லை. மேஜைக் கம்ப்யூட்டரும் வாசற் கேமராவும் பாட்டுப் பெட்டியும் அப்படியே. மாலை முழுவதும் 4கே சித்திரத்தைத் தருவித்துக்கொண்டிருக்கும் தொலைக்காட்சியைக் கம்பிக்கு மாற்றிவிட்டால், அது விட்டுச் சென்ற காற்றுவெளி முழுவதும் கைப்பேசிக்குக் கிடைக்கிறது. உள்ளறையின் கூரையில் ஒரு சிறிய வைஃபை கருவியைப் பொருத்தி, ஹாலிலிருந்து அதற்கு ஒரு கம்பியை ஓட்டிவிட்டால், அதே கம்பி வழியாகவே மின்சாரத்தையும் அனுப்பலாம். அந்த மாமியும் தம் கட்டிலில் சாய்ந்தபடியே பேத்தியோடு பேசலாம்.

கம்பியின் ஆயுளைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 1973-இல் ராபர்ட் மெட்காஃப், ஜெராக்ஸ் ஆராய்ச்சிச்சாலையில் ஈதர்நெட்டுக்கு வித்திட்டார். முறுக்கிய நான்கு ஜோடித் தாமிரக் கம்பியில் வினாடிக்கு ஒரு கிகாபிட் அனுப்பும் முறை 1999-இல் வகுக்கப்பட்டது. அதே வருஷம் வெளிவந்த வைஃபை கருவி 11 மெகாபிட்டோடு நின்று, இன்று பழைய சாமான் கடைக்கும் வேண்டாததாகிவிட்டது. ஆனால் கேட் 5ஈ என்று வழங்கும் கம்பியை அக்காலத்தை அடுத்துச் சுவருக்குள் பதித்தவர், 2016-இல் வந்த புதிய விதிமுறையால், கம்பியைத் தொடாமலேயே, இரு முனையிலும் உள்ள கருவிகளை மட்டும் மாற்றி, இரண்டரை கிகாபிட் வேகத்தை அதிலிருந்து பெறலாம். வயதாக ஆக வேகம் கூடிய வஸ்து வேறொன்றை நான் இத்துறையில் அறியேன். இன்று பதிப்பவர் கேட் 6 பதிக்கட்டும்; 55 மீட்டர் வரை அது 10 கிகாபிட்டைத் தாங்கும், நம் ஃபிளாட் எதுவும் அத்தனை நீளமில்லை.

கம்பி வாங்க ரிச்சி தெருவுக்குப் போகிறவர் ஒரு சோதனையை அவசியம் செய்ய வேண்டும். அலுமினியத்தின் மேல் தாமிர முலாம் பூசிய கம்பி, பார்வைக்கு அசல் போலவே இருந்து, பாதி விலைக்கும் கிடைக்கும். உறையை உரித்து, ஒரு இழையை எடுத்துப் பேனாக்கத்தியால் சுரண்டினால், அசல் தாமிரம் எவ்வளவு சுரண்டியும் சிவப்பாகவே இருக்கும்; முலாமோ இரண்டு சுரண்டலில் வெள்ளை காட்டிவிடும். இரண்டு முறை மடக்கினாலே ஒடிந்தும்போகும். சுவருக்குள் போய்விட்ட பிறகு அதைக் கண்டுபிடித்து என்ன பயன்? நயமான கம்பியை வாங்கிவந்து, முனையில் ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு ஜோடிகளைப் பிரித்து நேராக்கி, எட்டு இழைகளையும் வரிசை பிசகாமல் அந்தச் சின்னக் கண்ணாடிச் செருகிக்குள் நுழைத்து, கிரிம்பிங் கருவியை ஒரு முறை அழுத்தி, சோதனைப் பெட்டியில் எட்டு விளக்குகளும் முறையே எரியக் காணும் சந்தோஷம் பெரிது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அரைமணி நேரத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய வித்தை.

இணையத் தொடர்பு வேறு, வீட்டு வலை வேறு என்பதை நம்மில் அநேகர் உணர்ந்திருக்கவில்லை. முன்னது ஒரு கம்பெனியின் சரக்கு. பின்னது குடும்பத்தின் சொத்து. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயலில் மரங்கள் சாய்ந்து, மரக்கிளைகளிலும் மின்கம்பங்களிலும் தொங்கிக்கொண்டிருந்த கேபிள்கள் அறுந்து தெருவில் கிடந்தபோது, இணையத்தோடு எல்லாமே நின்றுவிட்டதாக ஜனங்கள் கைகட்டி இருந்தார்கள். வெளியே கம்பி அறுந்தால் வீட்டுக்குள் வலை அறுவதில்லை. இன்வர்ட்டரில் ரவுட்டர் ஓடினால், ஹால் அலமாரியிலுள்ள டிஸ்கிலிருந்து உள்ளறைப் பெட்டிக்குப் பாட்டு வந்துகொண்டேயிருக்கும். இந்த இன்வர்ட்டர் விஷயத்தையும் வலியுறுத்துகிறேன். பழைய தொலைபேசிக்கு எக்ஸ்சேஞ்சின் பாட்டரியிலிருந்தே 48 வோல்ட் வந்தது. ஊர் இருண்டாலும் அது மணியடித்தது. ஃபைபர் தொலைபேசிக்கு அந்த வரப்பிரசாதம் இல்லை. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. தனியாக வசிக்கும் முதியவர்களின் வீட்டில் ஃபைபர் பெட்டிக்கு இன்வர்ட்டர் இணைப்புள்ள பிளக் பாயிண்ட் இல்லாமலிருப்பது ஆபத்து.

டிஸ்கைப் பற்றிச் சொன்னேன். நங்கநல்லூர் வீடுகளின் பரணில் எத்தனை கேசட்டுகள் உறங்குகின்றன என்பதை வீடு காலி செய்யும் நாளில்தான் நாம் அறிகிறோம். வானொலியில் வந்த கச்சேரியைத் தகப்பனார் பதிவு செய்தது, நடுவே ஒலி தேய்ந்து மின்சாரம் போய் வந்தது, தங்கையின் அரங்கேற்றம், பாட்டியின் ஊஞ்சல் பாட்டு, இவையெல்லாம் எந்தக் கம்பெனியின் கிடங்கிலும் கிடைக்கமாட்டா. கடற்கரை நகரத்தின் ஈரக்காற்றில் நாடாவின்மேல் வெண்பூசணம் படர்கிறது. காலம் தாழ்த்தத் தாழ்த்த அதன் காந்தப் பூச்சும் உதிர்கிறது. சீராக ஓடும் ஒரு டெக்கையும் ஒரு கம்ப்யூட்டரையும் இணைத்து, 90 நிமிஷக் கேசட்டைக் குறுந்தட்டின் தரத்தில் பதிந்தால் சுமார் 950 மெகாபைட் ஆகும். ஒலியில் அணுவும் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் முறையில் ஏறத்தாழ அதில் பாதி. ஒரு டெராபைட் டிஸ்கில் ஒரு குடும்பத்தின் சகல சங்கீதமும் அடங்கி இடம் மிஞ்சும். அந்த டிஸ்கை ராஸ்பெரி பை என்ற உள்ளங்கையளவு கம்ப்யூட்டரில் செருகி, ஜெல்லிஃபின் என்ற இலவச மென்பொருளை ஏற்றிவிட்டால், வீட்டிலுள்ள எல்லாத் திரைகளிலும் அது ஒரு நூலகம் போல விரியும்.

சந்தா கட்டினால் உலகத்துச் சங்கீதமெல்லாம் கிடைக்கும்போது இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்பவர்கள், வாடகைக்கும் சொந்தத்துக்கும் உள்ள பேதத்தைச் சிந்திக்க வேண்டும். 2009-இல் அமேசான் நிறுவனம், விற்பனை உரிமையில் கோளாறு என்று சொல்லி, ஜார்ஜ் ஆர்வெலின் 1984 நாவலை வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே அழித்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்புத்தகக் கடையை மூடியபோது, வாங்கியவர்களின் அலமாரியும் காலியாயிற்று. பணம் திரும்பியது, புஸ்தகம் திரும்பவில்லை. சந்தா சேவைகளை நான் நிந்திக்கவில்லை. 2020 டிசம்பரில், கொள்ளைநோய்க் காலத்தில், மியூசிக் அகாடமியின் கச்சேரிகளைத் திரையில் கேட்டு நானும் மனம் தேறியவன்தான். குடும்பத்துக்கே உரியவற்றை மட்டுமாவது குடும்பத்தின் கூரைக்குள் வைத்திருக்க வேண்டும் என்கிறேன்.

அதிலும் எச்சரிக்கை தேவை. 2021 ஜூன் மாதத்தில், வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் மை புக் லைவ் என்ற வீட்டு டிஸ்குகள், இணையத்தின் வழியே அந்நியர் கைவரிசையால் உலகெங்கும் துடைத்தழிக்கப்பட்டு, பலருடைய புகைப்படங்கள் ஓர் இரவில் மறைந்தன. பராமரிப்பை நிறுவனம் 2015-இலேயே நிறுத்திவிட்ட சாதனம் அது. எனவே வீட்டு டிஸ்க் வீட்டு வலையோடு நிற்கட்டும். வெளியிலிருந்து அதைத் திறக்கும் வசதியை மூடி வையுங்கள். இன்னொரு பிரதியை வேறு ஊரிலுள்ள உடன்பிறந்தாரிடம் கொடுத்து வைப்பதும் உத்தமம்.

அரசாங்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. கட்டிடங்களில் இணைய வசதியை மதிப்பிட்டு நட்சத்திரக் குறி வழங்கும் ஒழுங்குமுறையைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்டது. மதிப்பீடு நல்லதுதான், ஆயினும் அது கட்டுபவரின் இஷ்டத்தைப் பொறுத்தது. 2003-இல் தமிழ்நாடு மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டிடங்களுக்கும் கட்டாயமாக்கியபோது யாருடைய இஷ்டத்துக்கும் விட்டுவைக்கவில்லை. ஆகையால்தான் அது வீட்டுக்கு வீடு வந்தது. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகளில், ஒவ்வொரு குடியிருப்புக்கும் இணையக் கம்பிக்கென்று தனிப் பைப் வேண்டும் என்று ஒரு வாசகத்தைச் சேர்த்துவிட்டால், இரண்டு அறை ஃபிளாட் வாங்கும் சாமானியருக்கும் இது கிட்டும்.

விதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இவ்வருஷம் பத்திரத்தில் கையெழுத்திடப் போகும் நங்கநல்லூர்வாசிகள் அதில் இவ்வளவையே எழுதிக் கேட்கலாம்: ஹாலில் தொலைக்காட்சிக்குப் பின்னால் காற்றோட்டமுள்ள ஒரு பெட்டி, அதில் இன்வர்ட்டர் இணைப்புள்ள இரண்டு பிளக் பாயிண்ட்; மாடிப்படித் தண்டிலிருந்து அப்பெட்டிக்கு ஃபைபர் வர ஒரு காலிப் பைப்; பெட்டியிலிருந்து ஒவ்வொரு அறைக்கும், உள்ளறைக் கூரைக்கும், மின்கம்பிப் பைப்பை விட்டு விலகிய தனிப் பைப்பில் அசல் தாமிர கேட் 6 கம்பி; வளைவுகளில் கம்பியைப் பின்னர் இழுத்து மாற்றும்படி அகலமான பெண்ட்; எல்லாவற்றுக்கும் மேலாக, பூசுவதற்கு முன் சுவர்களைப் புகைப்படம் எடுத்துக்கொள்ள வீட்டுக்காரருக்கு ஒரு நாள் அனுமதி.