பாளயத்துக்குப் புறம்பே நடந்தவர்கள்



கொரோனா ஊரடங்கைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம் நடுவில் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே ஐயா? வீட்டிலிருக்கச் சொன்னார்கள், நாம் இருந்தோம். அந்த வடநாட்டார் மட்டும் ஏன் சாலையில் நடந்தார்கள்?" கேட்கிறவர் நல்லவர், ஆராதனைக்குத் தவறாமல் வருகிறவர். தம் பக்கத்துக்கு ரோமர் 13-ஆம் அதிகாரத்தையும் ஏசாயா 26:20-ஐயும் சாட்சியாக நிறுத்துகிறவர். அந்தக் கேள்வியையும், அதற்கு வேதத்தைத் துணைக்கு அழைக்கும் வழக்கத்தையும் எதிர்த்தே இவ்வாரச் சிந்தனையை எழுதுகிறேன். காரணம், அது கடந்துபோன நோயைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. இன்று உங்கள் மாடியறையில் வாடகைக்கு இருக்கும் ஒடிசாக்காரரையும் பீகார்க்காரரையும் நீங்கள் எந்தக் கண்ணால் பார்க்கிறீர்கள் என்பது அதற்குள் அடங்கியிருக்கிறது.

முதலில் நடந்ததை நினைவுகூருங்கள். 2020 மார்ச் 24 அன்று இரவு 8 மணிக்கு ஊரடங்கு அறிவிக்கப்பட்டது; அன்று நள்ளிரவிலேயே நடைமுறைக்கு வந்தது. இடையில் கிடைத்தது நான்கு மணி நேரம். பயணிகள் ரயில்கள் அதற்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தன, பேருந்துகளும் நின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் சென்னையின் கட்டட வேலையிடங்களிலும் உழைத்துவந்தவர்களுக்கு வேலை நின்றது. வேலையோடு கூலியும் நின்றது. அவர்களுடைய ரேஷன் அட்டை சொந்த ஊரில் இருந்தது. மார்ச் 29 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் மாநில எல்லைகளை அடைக்கச் சொன்னது. அதே ஆணையில், முதலாளிகள் கூலியைப் பிடிக்காமல் கொடுக்கவேண்டும் என்றும், வீட்டு உரிமையாளர்கள் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கலாகாது என்றும் எழுதப்பட்டிருந்தது. எல்லையை அடைக்கும் வரி சாலைதோறும் செயலாயிற்று. கூலியையும் வாடகையையும் பற்றிய வரிகள் பல இடங்களில் தாளோடு நின்றன. தொழிலாளருக்கான சிறப்பு ரயில்கள் மே 1 அன்றுதான் ஓடத் தொடங்கின. இடைப்பட்ட ஐந்து வாரங்களுக்கும் மேலான காலம் கையில் காசின்றி ஒரு மனிதன் எப்படி உயிர்வாழ்ந்திருப்பான் என்று எண்ணிப் பாருங்கள்.

அவன் நடந்தான். சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்குச் செல்லும் நெடுஞ்சாலை கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம் வழியாகச் சென்று ஆந்திரத்தின் தடாவை அடைகிறது. சென்னையிலிருந்து புவனேஸ்வர் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். பீகார் அதற்கும் அப்பால். அந்தச் சாலையில் மூட்டையைத் தலையிலும் பிள்ளையைத் தோளிலும் சுமந்து, மாநில எல்லையைக் கால்நடையாகக் கடக்கத் துணிந்தவர்களையே நாம் இன்றும் சட்டத்தை மீறியவர்கள் என்கிறோம். வீட்டிலிரு என்பதுதானே கட்டளை? அவனுடைய வீடு 1,200 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. அந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படியவே அவன் நடந்தான் என்று ஏன் நமக்குத் தோன்றவில்லை?

சட்டம் எல்லாருக்கும் ஒன்றாகவே இருந்ததா? இந்தியாவின் முதல் நோயாளி 2020 ஜனவரி 30 அன்று கேரளத்தில் கண்டறியப்பட்டார். சீனத்தின் வூஹான் நகரில் படித்துத் திரும்பியவர். தமிழ்நாட்டின் முதல் நோயாளி மார்ச் 7 அன்று கண்டறியப்பட்டார், ஓமானிலிருந்து வந்தவர். அவர்கள்மேல் குற்றமில்லை, எவரும் விரும்பி நோயைச் சுமப்பதில்லை. ஆயினும் நோய் வந்த வழி ஆகாயவழி என்பதை மறக்கலாகாது. மே 7 முதல் வெளிநாட்டிலிருந்த இந்தியரை அழைத்துவர அரசு தனி விமானங்களை இயக்கியது, அது நற்காரியமே. அடுத்த நாள், மே 8 அதிகாலையில், மகாராஷ்டிரத்தின் ஔரங்காபாத் அருகே தண்டவாளத்தின் வழியே ஊருக்கு நடந்து, களைத்து, அதன்மேலேயே உறங்கிய 16 தொழிலாளர்கள் சரக்கு ரயிலில் அடிபட்டு இறந்தார்கள். ஒருவனுக்கு விமானம் தேடி வந்தது. மற்றவனுக்குத் தண்டவாளமே தலையணை ஆயிற்று. இதைப் பார்த்த பின்னும் சட்டம் ஒன்றே என்று சொல்ல நமக்கு நா எழலாமா?

இனி நீங்கள் நிறுத்தும் சாட்சிகளை விசாரிப்போம். அறைக்குள் பிரவேசித்துக் கதவைப் பூட்டிக்கொள்ளும்படி ஏசாயா சொல்லும் வசனம் அந்நாட்களில் கைப்பேசிதோறும் சுற்றிவந்தது. நல்லது. அந்த வசனத்தைக் கேட்டதும் நமக்கு எகிப்தின் பஸ்கா இரவு நினைவுக்கு வரவேண்டும். அன்றும் விடியுமட்டும் ஒருவரும் வாசலைக் கடக்கலாகாது என்பதே கட்டளை. ஆனால் அதே யாத்திராகமம் 12-ஆம் அதிகாரத்தை மேலே நின்று வாசியுங்கள். வாசலைப் பற்றிய கட்டளைக்கு முன்னதாக, நான்காம் வசனத்தில், ஆட்டுக்குட்டியைப் பற்றிய கட்டளை இருக்கிறது. ஒரு வீட்டில் ஒரு குட்டியைப் புசிக்கப் போதிய பேர் இல்லையென்றால், அயல் வீட்டாரையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். முதலில் பந்தியில் இடம். அதன் பின்புதான் பூட்டிய கதவு. பகிர்வைச் செய்யாமல் பூட்டை மட்டும் எடுத்துக்கொள்வது பஸ்கா ஆகாது.

அடுத்தது ரோமர் 13. அதிகாரத்துக்குக் கீழ்ப்படிதலையும் வரி செலுத்துதலையும் வாசித்து, ஏழாம் வசனத்தோடு வேதாகமத்தை மூடிவிடுகிறோம். பவுல் மூடவில்லை. எட்டாம் வசனத்திலேயே அவர் அன்பு என்னும் தீராத கடனுக்கு வருகிறார். பிறனுக்குத் தீங்கு செய்யாத அன்பே நியாயப்பிரமாணத்தின் நிறைவு என்று பத்தாம் வசனத்தில் முடிக்கிறார். அப்படியிருக்க, பசித்தவனைக் குற்றவாளி என்று தீர்க்க இந்த அதிகாரத்தில் இடம் எங்கே?

"அப்படியானால் நோய் பரவட்டும் என்று விட்டுவிடலாமா?" என்று கேட்பீர்கள். இது நியாயமான கேள்வி. தனிமைப்படுத்துதலை வேதம் அறியும். லேவியராகமம் 13-இல் நோயின் அடையாளம் உள்ளவனை ஏழு நாள் அடைத்துவைக்கும் முறை உண்டு. எல்லையில் நிறுத்தி, பரிசோதித்து, தனியே தங்கவைப்பதில் பாவமில்லை. ஆனால் அடுத்த அதிகாரத்தைப் பாருங்கள். ஆசாரியன் தன் கூடாரத்தில் உட்கார்ந்துகொண்டு நோயாளியை வரச்சொல்லவில்லை. பாளயத்துக்குப் புறம்பே தானே போய் அவனைப் பார்க்கிறான். எண்ணாகமம் 12-இல் மிரியாம் ஏழு நாள் வெளியே விலக்கப்பட்டாள். அவள் சேர்த்துக்கொள்ளப்படுமட்டும் ஜனங்கள் பிரயாணம் பண்ணவில்லை. ஒரு பெண்ணுக்காக ஒரு ஜனமே ஏழு நாள் வழியில் காத்திருந்தது. வேதம் காட்டும் தனிமைப்படுத்துதல் இதுவே: விலக்கப்பட்டவரைத் தேடிப் போகவும், அவருக்காகக் காத்திருக்கவும் ஆள் இருக்கவேண்டும்.

நம் எல்லைகளில் கண்டது என்ன? 2020 ஏப்ரல் இறுதியில், வேலூர் மாவட்டத்தில் குடியாத்தத்தை அடுத்த சைனகுண்டாவிலும் பொன்னை அருகிலும், ஆந்திரத்துக்குச் செல்லும் சாலைகளின் குறுக்கே சுவரே எழுப்பப்பட்டது. எதிர்ப்பு எழுந்தபின் அவை இடிக்கப்பட்டன. மேற்கே, கர்நாடகம் கேரளத்திலிருந்து வரும் சாலைகளில் மண்ணைக் கொட்டி மூடியது. மங்களூர் மருத்துவமனைகளை நம்பியிருந்த காசர்கோடு நோயாளிகள் சிலர் அங்கே போய்ச்சேர முடியாமல் இறந்தார்கள். சுவருக்குக் கண் இல்லை. வருகிறவன் நோயாளியா, பிரசவ வேதனையிலிருப்பவளா, பசித்தவனா என்று அது பாராது. நோயைத் தடுக்கப் பரிசோதிக்கிறவர் வேண்டும். சுவர் யாரையும் பரிசோதிப்பதில்லை.

பொதட்டூர்பேட்டையில் வாழும் நமக்கு எல்லை என்னும் கோட்டின் வயது தெரியும். சித்தூர் மாவட்டத்தோடு இருந்த திருத்தணிப் பகுதி, வடக்கெல்லைப் போராட்டத்துக்கும் படாஸ்கரின் பரிந்துரைக்கும் பின்பு, 1960 ஏப்ரல் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு முன் பிறந்த நம் பெரியவர்கள், வீட்டை விட்டு நகராமலே மாநிலம் மாறியவர்கள். இன்றும் நம் தறிக்கூடங்களில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கின்றன. நகரிக்கும் புத்தூருக்கும் பெண் கொடுத்தும் எடுத்தும் வாழ்கிறோம். ஆந்திரத்தின் கிருஷ்ணாபுரம் அணை திறந்தால் கொசஸ்தலை ஆறு யாரிடமும் அனுமதிச் சீட்டு கேளாமல் பள்ளிப்பட்டுக்குள் வருகிறது. எல்லை நிர்வாகத்துக்கு வேண்டிய கோடு, அதை மதிக்கிறோம். மனிதரைத் தரம்பிரிக்கும் கோடாக அதைத் தேவன் போடவில்லை.

நியாயாதிபதிகள் 12-ஆம் அதிகாரத்தை இந்த வாரம் வீட்டில் வாசியுங்கள். யோர்தானின் துறைகளைக் கீலேயாத்தியர் பிடித்துக்கொண்டு, கடக்க வருகிறவனை ஷிபோலேத் என்று சொல்லச் சொன்னார்கள். நாக்குப் பிறழ்ந்து சிபோலேத் என்றவன் வெட்டுண்டான். விழுந்தவர்கள் 42,000 பேர். பேச்சைக் கேட்டு மனிதனை எடைபோடும் அந்தப் பழக்கம் யோர்தானோடு முடிந்துவிட்டதா? "இந்தி பேசுகிறான், தள்ளி நில்" என்று நம் கடைவாசலில் சொல்லப்படும்போது, அந்தத் துறையில் நிற்பது யார்?

ஏதோமையும் மறவாதிருங்கள். ராஜபாதை வழியாகவே போவோம், தண்ணீர் குடித்தாலும் விலை கொடுப்போம் என்று இஸ்ரவேலர் கெஞ்சியும் ஏதோம் வழிவிடவில்லை. அம்மோனியர், மோவாபியர்மேல் உபாகமம் 23 சாட்டும் குற்றங்களில் முதலாவது, வழியில் வந்தவர்களுக்கு அப்பமும் தண்ணீரும் கொண்டு எதிர்கொண்டு வராதது. ஒபதியா தீர்க்கதரிசி இன்னும் ஒரு படி மேலே போகிறார்: தப்பி ஓடுகிறவர்களை மறிக்க வழிச்சந்தியில் நின்றதே ஏதோமின் அக்கிரமம் என்கிறார். வழிச்சந்திகளில் ஜாதிகள் செய்ததையும் செய்யாததையும் கர்த்தர் கணக்கில் வைத்திருக்கிறார்.

சபைக்கு முன்பாக நீதிமன்றம் இதை உணர்ந்தது நமக்கு வெட்கம். 2020 மே 15 அன்று ஆந்திர உயர் நீதிமன்றம், நெடுஞ்சாலையில் நடந்து செல்வோருக்கு உணவும் குடிநீரும் கழிப்பிடமும் மருத்துவ உதவியும் தரவேண்டும் என்று அரசுக்கு உத்தரவிட்டது. அதே நாளில் நம் சென்னை உயர் நீதிமன்றமும் அவர்கள் நிலையைக் கண்டு கலங்கி, மத்திய மாநில அரசுகளைக் கேள்வி கேட்டது. இத்தனைக்கும் பிறகு, செப்டம்பர் 14 அன்று, எத்தனை புலம்பெயர் தொழிலாளர் இறந்தார்கள் என்று நாடாளுமன்றத்தில் கேட்கப்பட்டபோது, அப்படிப்பட்ட கணக்கு வைக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் பதிலளித்தது. காணாமற்போன ஓர் ஆட்டுக்காக 99 ஆடுகளை விட்டுப்போகும் மேய்ப்பரைத் தொழுகிறவர்கள் நாம். எண்ணப்படாமல் இறந்தவர்களைக் குறித்து அந்தக் கணக்கற்ற பதிலோடு திருப்தியடைய நம்மால் முடியுமா?

"அவர்கள்" என்று சொல்வதையும் விட்டுவிடுங்கள். மகாராஷ்டிரத்திலிருந்து தமிழ்நாட்டை நோக்கி நடந்த ஒரு கூட்டத்தில் நாமக்கல் மாவட்டத்து இளைஞர் ஒருவரும் இருந்தார். பல நூறு கிலோமீட்டர் வந்தபின், 2020 ஏப்ரல் தொடக்கத்தில், செகந்திராபாத்தில் ஒரு தங்குமிடத்தில் அவர் உயிர் பிரிந்தது. தெலுங்கு நாட்டுச் சாலையில் அவரும் ஒரு வெளிமாநிலத்தான்தான். நம் பிள்ளைகள் எத்தனை பேர் பெங்களூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள்! ஒருநாள் அவர்களுக்கும் வழி அடைபடலாம். அப்போது எந்த ஊர்ச் சபை கதவைத் திறக்கவேண்டும் என்று விரும்புவீர்களோ, அந்தச் சபையாக இங்கே இருங்கள்.

நம் துன்பத்தை நான் சிறிதாக்கவில்லை. நூல் வராமல் தறிகள் நின்றன. நெசவாளர் வீடுகளில் அடுப்பும் சில நாள் நின்றது. ஆயினும் நம் கையில் அட்டை இருந்தது. ரேஷன் கடையில் அரிசியும் 1,000 ரூபாயும் கிடைத்தன. தலைக்குமேல் சொந்தக் கூரையோ தெரிந்தவரின் கூரையோ இருந்தது. அந்த வேறுபாட்டை ஒத்துக்கொள்வதே மனந்திரும்புதலின் தொடக்கம்.

ஆகவே மூன்று காரியங்களைக் கேட்கிறேன். உங்கள் வீட்டிலோ தறிக்கூடத்திலோ இருக்கும் வெளிமாநிலத்தவரின் பெயரையும், ஊரையும், அவசரத்துக்கு அழைக்கவேண்டிய குடும்பத்தாரின் எண்ணையும் இந்த மாதமே கேட்டு எழுதிவையுங்கள். வெளிமாநிலத்துத் தொழிலாளர் இங்கேயே ரேஷன் பெற, ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டிலும் வழி உண்டு. அது அவர்களுக்குத் தெரியுமா என்று விசாரித்து, தெரியாதவரைக் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். மறுபடி ஒரு நாள் நோயினாலோ வெள்ளத்தினாலோ கலவரத்தினாலோ வழி அடைபட்டால், ஆலய வளாகத்தின் கதவு முதல் நாளே திறக்கப்படவேண்டும். அதற்கான தீர்மானத்தை அடுத்த சபைக் கூட்டத்தில் நீங்களே கொண்டுவாருங்கள்.

நம் ஆண்டவர் நகர வாசலுக்குப் புறம்பே பாடுபட்டார் என்றும், நாமும் பாளயத்துக்குப் புறம்பே அவரிடம் போகவேண்டும் என்றும் எபிரெயர் 13 போதிக்கிறது. புறம்பே என்பது நமக்கு எட்டாத இடமன்று. ஆரம்பாக்கம் சாலையும் அதுவே. உங்கள் மாடிப்படியின் உச்சியும் அதுவே.

வழிப்போக்கரின் தேவனே, அடைபட்ட வழிகளில் விழுந்த ஒவ்வொருவரின் பெயரையும் நீர் அறிந்திருக்கிறீர். அவர்களைக் குற்றவாளிகள் என்று சொல்லும் நாவை எங்களிடமிருந்து அகற்றியருளும். எங்கள் கதவுகளுக்குப் பூட்டோடு இரக்கத்தையும் தாரும். ஆமென்.