முத்திரையைப் படிக்கும் பழக்கம்

1913ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டுச் செங்கனித் நிலக்கரிச் சுரங்கத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் 439 தொழிலாளர் மாண்டனர். மின்சார மணிக்கான சைகைக் கம்பியில் எழுந்த சிறு பொறியே காரணமாயிருக்கலாம் என்று அன்று ஐயுறப்பட்டது. அபாயகரமான இடங்களுக்குரிய மின்சாரக் கருவிகளைச் சோதித்து, வகைப்படுத்தி, சான்று வழங்கும் முறை இன்று நன்கு வளர்ந்துள்ளது. ஆயினும், “இது ஃபிளேம்புரூஃப் கருவிதானா?” என்று கேட்பதோடு பலர் அமைந்துவிடுகின்றனர். இக்கேள்வி போதாது. எந்த வாயுவுக்கு, எந்த உஷ்ணத்திற்கு, எத்தகைய இடத்திற்கு என்னும் மூன்றையும் கேட்டறிதல் வேண்டும்.

ஃபிளேம்புரூஃப் உறை வாயுவை உள்ளே விடாது என்பது தவறான எண்ணமாகும். வாயு உட்புகும், உள்ளே வெடிக்கவும் கூடும். உறை அவ்வெடிப்பைத் தாங்கி, இணைப்பின் குறுகிய இடுக்கு வழியே வெளிவரும் சுடரைக் குளிர்வித்து அவித்துவிடுகிறது. இடுக்கின் அளவு வாயுவைப் பொறுத்தது. எனவேதான் சுரங்க மீதேன் முதல் தொகுதியிலும், ஏனைய வாயுக்கள் இரண்டாம் தொகுதியிலும் வைக்கப்பட்டுள்ளன. இரண்டாம் தொகுதியில் புரோப்பேன் ‘ஏ’ பிரிவையும், எத்திலீன் ‘பி’ பிரிவையும், ஹைட்ரஜனும் அசெட்டிலீனும் ‘சி’ பிரிவையும் சார்ந்தவை. புரோப்பேனுக்கெனச் சான்று பெற்ற விளக்கு, ஹைட்ரஜன் வெளிப்படும் பாட்டரி அறைக்குக் காப்பாகாது.

‘சி’ முத்திரை எல்லாவற்றிற்கும் போதும் என்பதும் பிழையே. ஹைட்ரஜன் சிறு பொறியில் பற்றும்; ஆனால் வெப்பமான பரப்பினால் பற்றுவதற்கு 500 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட உஷ்ணம் தேவை. ‘பி’ பிரிவைச் சார்ந்த ஈதர் ஆவியோ 200 டிகிரிக்கும் குறைந்த உஷ்ணத்திலேயே பற்றிவிடும். ஆகவே உஷ்ண வகுப்பு தனியே குறிக்கப்படுகிறது. கருவியின் பரப்பு முதல் வகுப்பில் 450 டிகிரியையும், ஆறாம் வகுப்பில் 85 டிகிரியையும் தாண்டலாகாது.

இடமும் அவ்வாறே. வெடிக்கும் கலவை இடைவிடாது நிலவும் இடம் மண்டலம் 0; வழக்கமான வேலையில் அவ்வப்போது தோன்றக்கூடிய இடம் மண்டலம் 1; அரிதாகத் தோன்றி விரைவில் நீங்கும் இடம் மண்டலம் 2. மண்டலம் 1இல் ஏற்புடைய சாதாரண ஃபிளேம்புரூஃப் மோட்டார், மண்டலம் 0இல் ஏற்புடையதன்று.

சான்று கருவியின் அமைப்புக்கே உரியது. ஒரு போல்ட் குறைந்தாலும், இணைப்பு முகத்தில் பெயிண்ட் பூசினாலும் அதன் பொருள் கெடும். ஆகவே தொழிற்பயிற்சி நிலையங்களில் கம்பி இணைக்கக் கற்பிக்குமுன் முத்திரையைப் படிக்கக் கற்பித்தல் நன்று. களப் பணியாளரும் தம் சோதனைக் குறிப்பில் “சான்று உண்டு” என்று எழுதுவதோடு நில்லாமல், முத்திரையையும் அவ்விடத்து வாயுவையும் அருகருகே எழுதுவாராக. இரண்டும் பொருந்தாவிடில், அது அப்பொழுதே கண்ணிற் படும்.