எத்தனை சிசின்னு கேட்காதீங்க, பிரேக் பிடிக்குதான்னு கேளுங்க!

செயின்சா, அதாவது மரம் அறுக்கும் மெஷின், வாங்கப் போகிறவர்களுக்கு நம்ம ஊரில் இரண்டே கேள்விதான். ஒன்று, "எத்தனை சிசி?" இரண்டு, "கடைசி விலை என்ன?" ஓட்டை சைக்கிள் வாங்கப் போகிறவன்கூட பிரேக்கை ஒரு தடவை அமுக்கிப் பார்ப்பான். பல் வைத்த சங்கிலி விநாடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிற ஒரு சாமானை, தொடைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு வேலை செய்யப் போகிறவன் மட்டும் பிரேக்கைப் பற்றிக் கேட்பதே இல்லை. அந்தக் கடுப்பில் எழுதுகிற பதிவு இது.

நான் சொல்ல வருவது ஒரே விஷயம்தான். கையில் காசு குறைவு, பழைய மெஷின்தான் கட்டுப்படியாகும் என்றால் எதில் வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளுங்கள். வயசு, பெயிண்ட், சிசி, எல்லாவற்றிலும். செயின் பிரேக்கில் மட்டும் குறைக்காதீர்கள். பிரேக் இல்லாத மெஷின் சும்மா கிடைத்தாலும் வேண்டாம்.

இந்தக் கடுப்பு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையைக் கடந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எங்க பக்கம் தென்னந்தோப்பு எல்லாம் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டது. அதற்குப் பிறகு பல மாதம் எங்கள் ஊரில் காலையிலிருந்து இருட்டும் வரை இந்த மெஷின் சத்தம்தான். அவசரத்துக்கு ஆளாளுக்கு ஒன்று வாங்கினார்கள். வேலை முடிந்ததும் அதெல்லாம் கொட்டகை மூலையில் தூங்கப் போய்விட்டது. இப்போது ஒவ்வொன்றாகத் தூசி தட்டி விற்பனைக்கு வருகிறது.

அப்படி ஒன்றைப் பார்க்கத்தான் போன மாதம் மாமாவோடு ஒரு ரிப்பேர் கடைக்குப் போனேன். பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். முன் கைப்பிடிக்கு எதிரே நிற்க வேண்டிய பிளாஸ்டிக் தடுப்பைக் காணோம். அதுதான் செயின் பிரேக்கின் கை. எங்கே என்று கேட்டேன்.

"அது கைக்கு இடைஞ்சல் தம்பி, நாங்களே கழட்டிருவோம். அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊருக்குத்தான்" என்றார் கடைக்காரர்.

சரி, அவர் விற்கிறவர். அப்படித்தான் பேசுவார். என்னை உறுத்தியது மாமா காதில் கிசுகிசுத்ததுதான். "வெட்டப் போறது நாமளா மாப்ள? ஆள் வெச்சுத்தானே வெட்டப் போறோம். வெல கம்மியா இருக்கு, முடிச்சிருவோம்."

மாமா நல்ல மனுஷர். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்குள் என்ன கணக்கு ஒளிந்திருக்கிறது பாருங்கள். பிரேக் இல்லாததால் இறங்கிய விலை நமக்கு லாபம். அந்த மிச்சத்துக்கு ஈடாக வைத்தது தினக்கூலிக்கு வரப்போகிற ஒருவரின் கை, கால், முகம். அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை.

பிரேக் எதற்கு என்று தெரியாதவர்களுக்கு: மெஷினின் நீட்டுப் பட்டைக்கு 'பார்' என்று பெயர். அதன் மூக்கின் மேல் பாதி எங்காவது கிளையிலோ, பின்னால் மறைந்திருக்கும் இன்னொரு மரத்திலோ பட்டால், மரத்துக்குள் போக வேண்டிய சங்கிலியின் வேகம் முழுவதும் மெஷினை மேலேயும் பின்னாலேயும் தூக்கி எறியும். இதைத்தான் கிக்பேக் என்கிறார்கள். எறியும் திசையில் இருப்பது பிடித்திருப்பவரின் முகமும் கழுத்தும் தோளும். நம் மூளை "ஐயோ" என்று நினைப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். மெஷின் எகிறும்போது அந்தத் தடுப்பு மணிக்கட்டில் மோதி முன்னால் சாய, உள்ளே இருக்கும் இரும்புப் பட்டி கிளட்ச் டிரம்மை இறுக்கி, சங்கிலியை நொடியின் சிறு பங்கில் நிறுத்திவிடும். இன்றைய மெஷின்களில் தடுப்பு கையில் படாவிட்டாலும், எகிறும் வேகத்திலேயே பிரேக் விழும். 1970களிலேயே வந்துவிட்ட விஷயம் இது. அம்பது வருஷப் பழைய பாதுகாப்பைத்தான் "இடைஞ்சல்" என்று கழற்றிப் போடுகிறோம்.

"நான் இருபது வருஷமா செருப்புக் காலோட வெட்டுறேன், ஒண்ணும் ஆகல" என்று ஒருவர் கட்டாயம் வருவார். ஐயா, ஒன்றும் ஆகாதவர்தான் வந்து பேச முடியும். ஆனவர்கள் மரம் வெட்டுவதை விட்டு எப்போதோ போய்விட்டார்கள்.

அடுத்து சிசி. "58 சிசி, 22 இஞ்ச் பார்" என்றால்தான் மெஷின் என்று ஒரு நம்பிக்கை. முதலில், ஸ்டிக்கரில் இருப்பது சிசி அல்ல. 45.2 மி.மீ. போர், 34 மி.மீ. ஸ்ட்ரோக் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள், மெக்கானிக்கல் பசங்களா, 54.6 சிசிதான் வரும். 58 என்று ஒட்டிய மலிவு மெஷின்களில் உள்ளே இப்படி இருப்பதுண்டு. இரண்டாவது, உங்களுக்கு எதற்கு அவ்வளவு பெரிசு? தென்னை மரம் அடித்தூரைத் தவிர்த்தால் ஏறக்குறைய ஒரு அடி விட்டம். சவுக்கு அதிலும் சிறிசு. 14 அல்லது 16 இஞ்ச் பார், 30 முதல் 40 சிசி வரை உள்ள மெஷின் இதற்குத் தாராளம். பெரிய மெஷின் என்றால் கூடுதல் எடை. கூடுதல் எடை என்றால் மதியத்துக்குள் கை நடுங்கும். முதல் மெஷின் சின்னதாக இருப்பது கௌரவக் குறைச்சல் இல்லை.

"அதுக்குப் பழசு எதுக்கு, அதே காசுக்குப் புதுசே கிடைக்குதே, வாரண்டியோட!" என்பது அடுத்த வாதம். இதில் கொஞ்சம் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. புது மெஷினில் பிரேக்காவது இருக்கும். ஆனால் பேர் தெரியாத மலிவு மெஷினுக்கு ஆறு மாதம் கழித்துக் கிளட்ச் போனால் உதிரி பாகத்துக்கு எங்கே போவீர்கள்? பக்கத்து டவுனில் பாகமும் மெக்கானிக்கும் கிடைக்கிற ஒரு கம்பெனியின் பழைய சின்ன மெஷின், பேரில்லாத புதுசைவிட அதிக நாள் ஓடும். ஆனால் நல்ல பெயர்களுக்கெல்லாம் போலியும் சந்தையில் உண்டு. பழைய பில்லும் சீரியல் நம்பரும் இருக்கிறதா என்று பாருங்கள். திருட்டு மெஷினா என்பதும் அதில் தெரிந்துவிடும்.

சரி, கடைக்குப் போய்விட்டீர்கள். என்ன பார்ப்பது?

1. முதலில் சைலன்சரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். ஆறட்டும் என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள். நோயாளி மெஷின் பல சமயம் சூட்டில் ஸ்டார்ட் ஆகிவிடும், குளிர்ந்தால்தான் குட்டு வெளிப்படும்.

2. ஆஃப் செய்த மெஷினை ஸ்டார்ட்டர் கயிற்றில் தொங்கவிடுங்கள். விட்டு விட்டு மெதுவாக இறங்கினால் கம்ப்ரஷன் இருக்கிறது. சர்ரென்று கீழே போனால் நீங்களும் கிளம்பிவிடலாம்.

3. சைலன்சரைக் கழற்றச் சொல்லுங்கள். இரண்டு மூன்று ஸ்க்ரூதான். ஓட்டை வழியாக டார்ச் அடித்தால் பிஸ்டன் தெரியும். வழவழவென்று இருக்க வேண்டும். மேலும் கீழுமாகக் கோடு கோடாகக் கீறல் இருந்தால், யாரோ ஆயில் கலக்காமல் வெறும் பெட்ரோலில் ஓட்டியிருக்க வாய்ப்பு அதிகம். கழற்றவே விடமாட்டேன் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

4. இன்ஜினை ஐடிலில் ஓடவிடுங்கள். சங்கிலி அசையக் கூடாது. அசைந்தால் செட்டிங் தப்பு, அல்லது கிளட்ச் கோளாறு.

5. மெஷினைத் தரையில் வைத்து இரண்டு கையாலும் பிடித்து, ஆக்சிலரேட்டர் கொடுத்து, கைப்பிடியை விடாமல் மணிக்கட்டால் தடுப்பை முன்னால் தள்ளுங்கள். சங்கிலி அந்த நொடியே நிற்க வேண்டும். நின்றதும் ஆக்சிலரேட்டரை விட்டுவிடுங்கள், இல்லையென்றால் கிளட்ச் எரியும். "கொஞ்ச நேரத்துல நிக்கும் தம்பி" என்றால் வாங்காதீர்கள்.

6. பின் கைப்பிடியின் மேலே ஒரு லாக் இருக்கும். அதை அமுக்காமல் ஆக்சிலரேட்டர் அமுங்கக் கூடாது. அடியில், பார் தொடங்கும் இடத்தில், அறுந்த சங்கிலியைப் பிடிக்க ஒரு சின்ன முளை இருக்கும். அது உடைந்திருந்தால் விலை சொற்பம், மாற்றிவிடலாம். ஆனால் மாற்றாமல் ஓட்டாதீர்கள்.

7. பாரின் மூக்கை வெள்ளைத் தாளுக்கு நேரே, படாமல் பிடித்து வேகம் கொடுங்கள். தாளில் ஆயில் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் சங்கிலிக்கு ஆயில் போகவில்லை.

இனி காசுக்கு வருவோம். பத்தாயிரம் வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்தாயிரத்துக்கும் மெஷின் வாங்குகிறவர்தான் முதல் வாரமே தவறு செய்யப் போகிறவர். ஏழாயிரத்துக்குள் மெஷினை முடியுங்கள். மிச்சத்தில் ஒரு புதுச் செயின், சரியான அளவு உருண்டை அரம், கண்ணாடி, காதடைப்பு, முன்னால் இரும்புக் குப்பி வைத்த பூட்ஸ். மெஷின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும், காது திரும்பி வராது. தொடைக்குப் போடும் சாப்ஸ் உறை மலிவில்லை, அதனால் அடுத்த சேமிப்பு அதற்குத்தான். அதன் இழைகள் சங்கிலியில் சிக்கி அதை நிறுத்தும்.

அரத்துக்குக் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். மரத்தை அறுப்பது இன்ஜின் இல்லை, செயின். அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, மரத்தைக் குடையும் வண்டுப் புழு இடமும் வலமுமாக மாறி மாறிக் கடித்துப் போவதைப் பார்த்து ஒரு சங்கிலி செய்தார். 1947-ல் விற்பனைக்கு வந்த அதுதான் இன்றைய செயின்களுக்குத் தாத்தா. கூரான செயின் மரத்தைச் சீவல் சீவலாகத் தள்ளும். மாவு மாதிரித் தூள் வந்தால் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். மழுங்கினால் அமுக்குவோம், அமுக்கினால் நழுவும். சின்ன மெஷின்களில் வருகிற 3/8 லோ புரொஃபைல் செயினுக்கு 4 மி.மீ. அரம், 0.325 இஞ்ச் செயினுக்கு 4.8 மி.மீ. விழுந்து கிடக்கும் தென்னையில் மண் ஒட்டியிருந்தால் ஒரே வெட்டில் கூர் போய்விடும், அதனால் அரம் எப்போதும் பையில் இருக்கட்டும். டூ-டி ஆயில் பாட்டிலில் போட்டிருக்கும் அளவுப்படி கலக்குங்கள். 50:1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி.

இவ்வளவுக்கும் காசு இல்லையென்றால்? வாங்காதீர்கள். வருஷத்துக்கு மூன்று நாள் வேலைக்கு மெஷினே தேவையில்லை. நல்ல மெஷினும் அனுபவமும் உள்ளவரை நாள் கூலிக்குக் கூப்பிடுங்கள். புயலில் வளைந்து முறுக்கிக் கிடக்கிற மரம் வெட்டியதும் வில் மாதிரித் தெறிக்கும். அதில் கன்னி முயற்சி வேண்டவே வேண்டாம்.

அன்றைக்கு அந்தப் பளபள மெஷினை வாங்கவில்லை. மாமாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், "நாளைக்கு ஆள் வரலன்னா நீங்க எடுத்து வெட்டுவீங்கதானே மாமா?" கொஞ்ச நேரம் பேசவில்லை. அடுத்த வாரம் பெயிண்ட் உரிந்த, 35 சிசி பழைய மெஷின் ஒன்று கிடைத்தது, ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் அதிகம். பிரேக் 'டக்'கென்று நிற்கிறது. "இந்தத் தகர டப்பாவுக்கா இவ்ளோ" என்று மாமா இன்னும் புலம்பிக்கொண்டுதான் இருக்கிறார். புலம்பட்டும். நீங்களும் வீட்டில் ஏற்கெனவே ஒரு மெஷின் இருந்தால், லீவுக்குப் போகும்போது கொட்டகையில் போய் முன் தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்லை. எந்தக் கம்பெனிக்கும் ஏஜெண்டும் இல்லை :-) பிரேக் தேவையில்லை என்று வாதாட வருகிறவர்கள், முதலில் உங்க பைக் பிரேக்கைக் கழற்றிவிட்டு வாங்க, பேசுவோம்.