சம்பு ஒழுகினால்

சென்ற மாதம் எங்கள் வீட்டு மீன்தொட்டியின் சம்ப் ஒழுகத் தொடங்கியது. அதற்கு ஒட்டுப் போட்டு ஓட்டுவதா, அகற்றிவிட்டுப் புதிதாகச் செய்வதா என்று பத்து நாள் வீட்டில் வழக்கு நடந்தது. மாற்றத்தான் வேண்டும் என்பது என் கட்சி. இலக்கியம் படிப்பவர்களிடம் இதைச் சொல்வானேன் என்று நினைப்பவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். நான் நெய்வேலியை அடுத்த குறிஞ்சிப்பாடிக்காரன். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்குக் கனம் அதிகம்.

முதலில் பொருள் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பெரிய மீன்தொட்டிகளுக்குக் கீழே, மரப்பெட்டியின் இருட்டில், இன்னொரு கண்ணாடித் தொட்டி இருக்கும். மேலே வழியும் நீர் குழாய் வழியாக அதில் இறங்கும். பஞ்சில் கசடு நீங்கி, பீங்கான் வளையங்களின் ஊடே ஊர்ந்து, கடைசி அறைக்கு வந்து சேரும். அங்குள்ள மோட்டார் அதை மறுபடி மேலேற்றும். விருந்தாளிகள் பார்ப்பது மேல்தொட்டியை. மீன்கள் உயிரோடிருப்பது கீழ்த்தொட்டியால். கண்ணாடியின் கனம், விளக்கு, கூழாங்கல், செடி என்று மேல்தொட்டிக்குக் கணக்குப் பாராமல் செலவழித்த நானே, கீழ்த்தொட்டிக்கு வந்தபோது மிச்சம் மீதிக் கண்ணாடியில் செய்யச் சொன்னேன். 2011இல் செய்த பிழை அது.

இதற்குத் தமிழில் என்ன பெயர்? வடிதொட்டி, கீழ்த்தொட்டி என்று ஆக்கிக்கொள்ளலாம், யாரும் சொல்லப்போவதில்லை. வாசலில் மண்ணுக்கடியில் கட்டும் தண்ணீர்த் தொட்டியைத் தமிழ்நாடே சம்ப் என்கிறது. சுரங்கத்தில் மழைநீரும் ஊற்றுநீரும் வந்து தேங்கும் ஆகத் தாழ்ந்த குழிக்கும் அதுவே பெயர். ஆங்கிலத்தில் அச்சொல் முற்காலத்தில் சதுப்பு நிலத்தைக் குறித்தது. நம் ஏரிக்கரைச் சேற்றில் வளரும் கோரைக்கும் சம்பு என்று பெயர் இருப்பது தற்செயல். இதை வைத்து யாரும் வேர்ச்சொல் ஆராய்ச்சியில் இறங்கிவிட வேண்டாம். மலையே இல்லாத ஊருக்குக் குறிஞ்சி என்று பெயர் வாய்த்திருக்க, சேற்றில் நிற்கும் சொல் ஒன்றை நாங்கள் உகரம் சேர்த்துச் சம்பு என்றே வழங்கினால் குற்றமில்லை.

ஒழுக்கு தெரிந்தது செய்தித்தாளால். பெட்டிக்கடியில் விரித்திருந்த பழைய தாளின் ஒரு மூலை தினமும் காலையில் ஈரமாக இருந்தது. குழாய் இணைப்பு கசிகிறதோ என்று இரண்டு நாள் அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். இல்லை. பின்பக்க மூலையில், இரண்டு கண்ணாடிகள் சேரும் இடத்தில், உப்புப் பூத்த வெள்ளைக் கோடு ஒன்று மேலிருந்து கீழாக இறங்கியிருந்தது. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் கசிந்த இடத்தில் தன் கையொப்பத்தை இட்டுவிட்டுத்தான் உலரும்.

கண்ணாடிக் கடைக்காரர் வந்து பார்த்தார். "இதுக்குப் போயி ஏன் சார் புதுசு? ஒரு ட்யூப் சிலிக்கான் உள்ள அடிச்சா இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்" என்றார். என் மனைவி அவர் கட்சிக்குப் போய்விட்டார். என் தாயார் மூன்றாவது கட்சி: மீனையெல்லாம் யாருக்காவது கொடுத்துவிட்டுப் பெட்டியை ஒழித்துக்கட்டு என்பது அவர் தீர்ப்பு. அவருக்கு வீட்டுக்குள் ஈரமே ஆகாது. பிறந்தது குழித்தறி போட்ட வீட்டில். அடைமழையில் தறிக்குழிக்குள் நீர் ஊறினால் நெசவு நிற்கும். நெசவு நின்றால் கூலி நிற்கும். கீழேயிருந்து வரும் தண்ணீரை அவர் அறிந்த அளவு நான் அறியேன்.

கடைக்காரர் சொன்னதில் தொழில்முறைப் பிழை ஒன்று உண்டு. காய்ந்து இறுகிய பழைய சிலிக்கான்மீது புதியது பிடிக்காது. ஒட்டியதுபோல் தோன்றும், சில மாதங்களில் தோல்போல உரிந்து வரும். உள்பக்கத்துப் பழைய பசை முழுவதையும் பிளேடால் சுரண்டி, கண்ணாடியைத் துடைத்து உலர்த்தி, புதிதாக இட்டு, புளிக்காடி வாசனை அடங்கும்வரை இரண்டு நாளேனும் ஆறவிட வேண்டும். நல்ல தொட்டியாக இருந்து பசை மட்டும் தளர்ந்திருந்தால் அதுவே முறையான வைத்தியம். அதை நான் மறுக்கவில்லை. பூஞ்சை பிடிக்காமலிருக்க மருந்து கலந்த குளியலறைச் சிலிக்கான் மட்டும் கூடாது. அது மீனுக்கு நஞ்சு.

ஆனால் எங்கள் தொட்டியில் தளர்ந்தது பசை மட்டும் அன்று. பக்கத்துத் தெருவில் சுரங்கத்தின் நீரிறைப்புப் பிரிவில் வேலைசெய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். மாலை நடையில் எட்டிப் பார்த்தவர் குனிந்து பெட்டியின் அடிப்பலகையைத் தடவினார். "தண்ணி வர்ற எடத்தையே பாத்துக்கிட்டு இருக்காதீங்க தம்பி. எது தள்ளுதுன்னு பாருங்க" என்றார். பலகை ஒரு பக்கம் ஊதிப் புடைத்திருந்தது. தொட்டி சமமாக உட்காராமல் அந்த ஒரு மூலை மட்டும் ஆண்டுக்கணக்கில் முறுக்கப்பட்டிருக்கிறது. அங்கேதான் பிளந்திருக்கிறது.

பலகை ஊதியதற்குக் காரணம் 2012. தமிழ்நாட்டில் ஒரு நாளைக்குப் பல மணி நேரம் மின்சாரம் இல்லாதிருந்த காலம். மின்சாரம் நின்றால் மோட்டார் நிற்கும்; மேலேற்றும் குழாய் தலைகீழாகி மேல்தொட்டி நீரைக் கீழே உறிஞ்சும். என் மேல்தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம். அதில் ஓர் அங்குலம் இறங்கினால் 14 லிட்டர். குழாய்முனை 3 அங்குல ஆழத்தில் இருந்தது. ஆகவே ஒவ்வொரு மின்வெட்டுக்கும் 42 லிட்டர் கீழே இறங்கி, ஏற்கெனவே முக்கால்வாசிக்கு மேல் நிறைந்திருந்த சிறிய சம்பு பொங்கி வழிந்தது. துடைத்தோம், மறந்தோம், பலகை மறக்கவில்லை. நாட்டுக்கு மின்சாரம் அனுப்பும் புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டே இருட்டில் வீட்டைத் துடைத்த வேடிக்கை எங்கள் ஊருக்கே உரியது.

பெரியவர் சொன்ன 'தள்ளுதல்' அவருடைய தொழிலிலிருந்து வந்த சொல். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு வெட்டியபோது நீரோடு கரிய பொருள் வெளிவந்த கதை எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பழுப்பு நிலக்கரிக்குக் கீழே பெரும் நீர்த்தேக்கம் உண்டு. அது சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்துடன் மேல்நோக்கி முட்டுகிறது. ஏறத்தாழ 60 முதல் 80 மீட்டர் உயர நீர்த்தூணின் பலம். மேலிருக்கும் மண்ணை அகற்றினால் சுரங்கத்தின் தரை வெடித்து நீர் உள்ளே புகும். ஆகவே 1957 மே மாதம் நேரு தொடங்கிவைத்து, 1961 ஆகஸ்டில் கரி கண்ணில் பட்ட அந்தச் சுரங்கத்தில் இன்றுவரை இராப்பகலாக நீரை இறைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் வீட்டில் மோட்டார் நின்றால் நீர் இறங்கும். அங்கே நின்றால் ஏறும். அவ்வளவுதான் வித்தியாசம்.

அங்கே ஓட்டையை அடைக்கலாம் என்று யாரும் கனவு காணவில்லை. அடியிலிருக்கும் அழுத்தத்தைத் தணிப்பதே வேலை என்று தொடக்கத்திலேயே கண்டுகொண்டார்கள். பொறியாளர்களின் அந்தத் தெளிவை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்கான விலையில் ஒரு பகுதி மேல்தொட்டியின் கணக்கில் ஏறவில்லை. ஒருகாலத்தில் தானாகப் பொங்கி வழிந்த கிணறுகள் பலவற்றில் பின்னாளில் மோட்டார் இறக்க வேண்டியதாயிற்று. இறைத்த நீரைக் கொண்டுசெல்லவும் நிலம் வேண்டும். 2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்றின் மாற்றுவாய்க்காலுக்காக வளர்ந்து நின்ற நெல்லில் இயந்திரங்களை இறக்கியதை நாடே பார்த்தது. விளக்கின் வெளிச்சத்தை எழுதும் நம் எழுத்தாளர்கள் இந்த நீரை இன்னும் விரிவாக எழுதியிருக்கலாம் என்ற குறை எனக்குண்டு.

மாற்றுவதென்று முடிவானது. புதிய சம்பு பழையதைவிட அரை அடி நீளம் அதிகம். ஓடும்போது பாதிக்குமேல் நிரம்பாது. மேலேறும் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சிறு துளை இட்டேன். மட்டம் அதுவரை இறங்கியதும் காற்று புகுந்து உறிஞ்சல் அறுந்துவிடும். ஊதிய பலகைக்குப் பதிலாக இரும்புச் சட்டம், அதன்மேல் சமமான பலகை, அதன்மேல் தெர்மாகோல். கண்ணாடியைத் தூக்காமலே கையை விட்டுத் தடவிப் பார்க்கும்படி பின்பக்கம் நான்கு விரல் இடைவெளி.

கடினமான பகுதி தொட்டியை மாற்றுவதன்று, வளையங்களைக் காப்பாற்றுவது. மீனின் கழிவிலிருந்து எழும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் அவற்றின்மேல்தான் படிந்திருக்கின்றன. புதிதாக அவை வளர நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். வளையங்களை 'சுத்தமாக' இருக்கட்டும் என்று குளோரின் கலந்த குழாய்நீரில் கழுவுபவர் தெளிந்த நீரிலேயே மீன்களை இழப்பார். மேல்தொட்டி நீரையே வாளியில் பிடித்து, வளையங்களை அதில் இட்டு, காற்றுக்குழாயைப் போட்டுக் குமிழிவிட வைத்தேன். அந்த உயிர்களும் மூச்சு விட வேண்டுமே. மீன்களுக்கு இரண்டு நாள் உணவில்லை. கடைக்காரரே வந்து புதிய தொட்டியைத் தூக்கி வைத்தார். அவருக்கு என்மேல் வருத்தமில்லை. தாயாருக்குத்தான் இன்னும் இருக்கிறது.

பெட்டிக்கடியில் புதிய செய்தித்தாள் விரித்திருக்கிறேன். இன்று பதினேழாம் நாள். தாள் உலர்ந்திருக்கிறது, அம்மோனியா சோதனைக்கான சிறு குப்பியில் நீர் மஞ்சளாகவே நிற்கிறது.