அம்மாவின் அமெரிக்க விசா மறுக்கப்பட்டதா? மறுபடி விண்ணப்பிக்கும் முன்...

நெம்மேலியில் அம்மா, அமெரிக்காவில் பிள்ளை. பேரக்குழந்தையைப் பார்க்கப் போகலாம் என்று விண்ணப்பித்தால், சென்னைத் துணைத் தூதரகத்தில் '214(பி)' என்று கையில் ஒரு தாள். உடனே வீட்டில் கேட்பது, "எந்த டாக்குமெண்ட் குறைஞ்சுது?"

பெரும்பாலும் சிக்கல் டாக்குமெண்ட்டில் இல்லை. 214(பி) என்பது 1952ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்றச் சட்டப் பிரிவு. சுற்றுலா விசா கேட்பவர் அங்கேயே தங்கிவிடுவார் என்றுதான் அதிகாரி முதலில் கருத வேண்டும். 'திரும்பி வருவேன்' என்று நம்பவைப்பது விண்ணப்பதாரரின் பொறுப்பு.

அதனால் பிள்ளையின் சம்பளச் சீட்டு, அழைப்புக் கடிதத்தை மட்டும் நம்பிப் பயனில்லை. அழைப்புக் கடிதம் கட்டாயமே இல்லை என்கிறது அமெரிக்க வெளியுறவுத் துறை. அவர்கள் பார்ப்பது அம்மாவை ஊரோடு கட்டிப்போடும் விஷயங்களை: கூட இருக்கும் அப்பா, நிலம், கடை, பென்ஷன்.

இந்த மறுப்புக்கு மேல்முறையீடு கிடையாது. காத்திருப்புக் காலமும் இல்லை. புது டிஎஸ்-160 படிவம், மறுபடி 185 டாலர் கட்டணம். ஆனால் சூழ்நிலையோ, அதைச் சொல்லும் விதமோ மாறாமல் அடுத்த வாரமே போனால் அதே பதில்தான் வர வாய்ப்பு அதிகம்.

முந்தைய மறுப்பை மறைக்கவே கூடாது; படிவத்திலேயே அந்தக் கேள்வி உண்டு. தெரிந்தே பொய் சொன்னால் நிரந்தரத் தடை வரைக்கும் போகலாம்.

பல வீடுகளில் படிவத்தை நிரப்புவது பிள்ளை, நேர்காணலுக்குப் போவது அம்மா. அதில் என்ன இருக்குன்னே அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு பதிலையும் அவருக்குத் தமிழில் படித்துக் காட்டுங்கள். எதற்குப் போகிறார், எத்தனை நாள், எப்போது திரும்புவார் என்பதை அவரே முடிவு செய்யட்டும். சென்னையில் தமிழிலேயே பேசலாம். மனப்பாட இங்கிலீஷ் வேண்டாம்.