சம்பளமில்லாத வேலையில் சண்டை



சம்பளத்துக்குச் செய்யும் வேலையில் சண்டை வந்தால் அதை அடக்க ஒரு மேலதிகாரி இருப்பார். "இப்படிச் செய்" என்று அவர் சொன்னால் விருப்பமோ இல்லையோ செய்தாக வேண்டும். மாதர் சங்கத்திலோ, சுயதொழில் குழுவிலோ, கோவில் அன்னதானத்திலோ அப்படி யாரும் இல்லை. கோபம் வந்தவர் எழுந்து போய்விடலாம். அடுத்த கூட்டத்துக்கு வராமல் விடலாம். அவரை மறிக்கத் தலைவியிடம் எந்த அதிகாரமும் கிடையாது. "அப்படியென்றால் நான் என்னதான் செய்வது?" என்று வன்னியில் நான் போகும் ஊர்களில் தலைவிமார் கேட்கிறார்கள்.

இதற்குப் பதில் தேடி இந்த மாதம் கொஞ்சம் தூரம் போய்வருவோம். சம்பளம் வாங்காமல் செய்மதி செய்கிறவர்களைப் பற்றிச் சொல்லப்போகிறேன்.

வானொலியின் அருமை எங்களுக்குத் தெரியும். பற்றறிக்குத் தடையிருந்த காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றிச் சுற்றிச் செய்தி கேட்டவர்கள் நாங்கள். அப்படிக் கேட்பதோடு நிற்காமல், அரசாங்க அனுமதி பெற்று, தாங்களே கருவி வைத்துப் பேசுகிறவர்களும் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களை அமெச்சூர் வானொலியாளர் என்பார்கள். ஆர்வம்தான் காரணம், வருமானம் அல்ல. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற இந்தியப் பெண்மணி அப்படியொரு குழுவோடு அந்தமான் தீவுக்குப் போயிருந்தார். அங்கிருந்து உலகத்தோடு பேசிப் பார்ப்பதுதான் நோக்கம். 26ஆம் திகதி காலை, எங்கள் முல்லைத்தீவை அழித்த அதே ஆழிப்பேரலை அங்கும் வந்தது. தொலைபேசிகள் செயலிழந்தன. அவர்கள் வந்த வேலையை விட்டுவிட்டு, உயிர் தப்பியவர்களின் செய்திகளைத் தங்கள் கருவிகள் மூலம் வெளியே அனுப்பத் தொடங்கினார்கள்.

இப்படிப்பட்டவர்கள்தான் செய்மதியும் செய்தார்கள். 1961 டிசம்பர் 12ஆம் திகதி 'ஒஸ்கார் 1' என்ற முதலாவது அமெச்சூர் செய்மதி விண்ணுக்குப் போனது. கலிபோர்னியாவில் சில தொண்டர்கள் ஓய்வு நேரத்தில் தங்கள் வீடுகளில் வைத்துச் செய்தது அது. எடை ஏறக்குறைய 4.5 கிலோ. அதன் ஒலிபரப்பியின் வலு ஒரு ரோச் லைற் குமிழின் வலுவிலும் குறைவு. மூன்று வாரம் வரை மோர்ஸ் குறியில் 'ஹாய்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. 28 நாடுகளில் 570 பேருக்கு மேல் அதைக் கேட்டு எழுதி அனுப்பினார்கள். பின்னர் 2005 மே 5ஆம் திகதி இந்தியாவின் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 'ஹாம்சட்' போனது. 42.5 கிலோ எடையான அந்தச் செய்மதியில் செய்தியை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவிகள் இரண்டு. ஒன்று இந்தியாவில் செய்தது. மற்றதைச் செய்தவர் நெதர்லாந்து மாணவர் ஒருவர். அது 2014 வரை வேலை செய்தது.

படித்தவர்கள், பெரிய வேலை செய்கிறவர்கள், அவர்களுக்குள் சண்டை இருக்காது என்று நினைக்கிறீர்களா? அவர்களது வேலையே சண்டைக்கு வழி வைக்கிறது. செய்மதிக்கு இவ்வளவு எடைதான் என்று ரொக்கெற்காரர் முன்பே சொல்லிவிடுவார். சூரியத் தகடுகள் தரும் மின்சாரமும் கொஞ்சம்தான். பற்றறி பார்ப்பவர் பெரிய பற்றறி வேண்டும் என்பார். ஒலிபரப்பி செய்கிறவர் கூடிய மின்சாரம் கேட்பார். ஒருவருக்கு நூறு கிராம் கூட்டினால் இன்னொருவருக்கு நூறு கிராம் குறையும். எல்லோரும் தொண்டர்கள். யாரும் யாரையும் கட்டளையிட முடியாது.

இந்தத் தொழிலில் இதற்கு நான்கு ஒழுங்குகள் வைத்திருக்கிறார்கள். முதலாவது, யாருக்கு எத்தனை கிராம், எவ்வளவு மின்சாரம் என்று ஒரே பட்டியல். எல்லோரும் அதைப் பார்க்கலாம். இரண்டாவது, ஒருவரின் வேலை எங்கே முடிந்து மற்றவரின் வேலை எங்கே தொடங்குகிறது என்று எழுத்தில் இருக்கும். மூன்றாவது, யார் மூத்தவர் என்று பார்ப்பதில்லை. கருவியைக் குலுக்கியும், சூடாக்கியும், குளிரவைத்தும் சோதிப்பார்கள். சோதனை சொல்வதுதான் முடிவு. நான்காவது, ஒரு திகதி குறிப்பார்கள். அதற்குப் பிறகு எவருக்காகவும் மாற்றம் இல்லை, ஏனென்றால் ரொக்கெற் காத்திருக்காது.

இவை எங்களுக்கும் பொருந்துமா? பொருந்தும் என்று எனக்குத் தெரியும். மீள்குடியேறிய பிறகு, 2012இல், நான் தலைவியாக இருந்த குழுவில் பதினொரு பேர் மிளகாய்த்தூளும் அரிசிமாவும் செய்தோம். தாச்சியடியில் வெக்கையில் நின்று வறுக்கிறவர்களுக்கும், இருந்து பக்கற்றில் அடைக்கிறவர்களுக்கும் ஒரே கூலியா என்று பிரச்சினை வந்தது. இரண்டு பக்கமாகப் பிரிந்து கதைக்காமல் விட்டார்கள். வரவு, செலவு, யார் எத்தனை மணித்தியாலம் என்ற மூன்றையும் பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். ஒரு கிழமை வறுத்தவர்கள் அடைத்தார்கள், அடைத்தவர்கள் வறுத்தார்கள். அதன்பின் வறுப்பவர்களுக்கு கொஞ்சம் கூடக் கொடுக்க வேண்டும் என்று முதலில் சொன்னவர்கள் அடைக்கிறவர்கள்தான்.

ஆனால் நன்றாக வறுக்கத் தெரிந்த ஒரு தங்கை மட்டும் வரவில்லை. கூலிக் கோபம் தீரவில்லை என்றே எல்லோரும் நினைத்தார்கள். நான் வீட்டுக்குப் போனேன். முதல் நாள் தேத்தண்ணி தந்தாள், வேறொன்றும் சொல்லவில்லை. இரண்டாம் தடவை போனபோதுதான் சொன்னாள். உதவி ஒன்றுக்காக உறுப்பினர் விபரம் கேட்டு வந்த படிவத்தில் மூன்றே கட்டங்கள் இருந்தன: திருமணமானவர், ஆகாதவர், விதவை. எங்கள் செயலாளர் அவசரத்தில் அவளுடைய பெயருக்கு நேரே மூன்றாவதில் கோடு போட்டிருந்தார். 2009 மே மாதம் வட்டுவாகல் வரை ஒன்றாக வந்த கணவரை அவள் அதன்பின் காணவில்லை. "அக்கா, அவர் இல்லையெண்டு எனக்கே ஒருத்தரும் சொல்லேல்லை. நான் ஏன் அந்தச் சொல்லுக்குக் கையெழுத்து வைக்க வேணும்?" என்று கேட்டாள்.

அதைக் கேட்டதும் செயலாளரே படிவத்தை எடுத்துக்கொண்டு அவளிடம் போனார். கோட்டை வெட்டி, ஓரத்தில் "கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர்" என்று அவள் முன்னாலேயே எழுதினார். அப்படிக் கட்டம் இல்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். இல்லாவிட்டாலும் இப்படித்தான் தருவோம் என்று பதினொரு பேரும் ஒப்பமிட்டுக் கொடுத்தோம். அவள் அடுத்த கிழமை வேலைக்கு வந்தாள். செயலாளரோடு பழையபடி கதைக்க இன்னும் பல மாதங்கள் எடுத்தன. அதை நாங்கள் அவசரப்படுத்தவில்லை.

சகோதரிகளே, இதிலிருந்து நான் சொல்ல வருவது ஒன்றுதான். வேலையைப் பற்றிய சண்டையைத் தாளில் எழுதித் தீர்க்கலாம். மனம் நொந்த சண்டையைத் தாளில் தீர்க்க முடியாது. அதற்கு ஒருவர் நடந்து போய், பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும். எது எந்தச் சண்டை என்று பிரித்தறிவதுதான் தலைவியின் வேலை.

பெரிய இழப்பு வரும்போது இது இன்னும் கடினம். 1980 மே 23ஆம் திகதி, அமெச்சூர் தொண்டர்கள் பல ஆண்டுகள் உழைத்துச் செய்த செய்மதியொன்றை ஏற்றிச் சென்ற ஐரோப்பாவின் ஏரியான் ரொக்கெற் சில நிமிடங்களில் அத்திலாந்திக் சமுத்திரத்தில் விழுந்தது. அதோடு கலைந்துபோயிருக்கலாம். கலையவில்லை. 1983 யூன் 16ஆம் திகதி அடுத்த செய்மதி ஏறியது.

விட்டுப் போனவர்களுக்குக் கதவைச் சாத்தவும் வேண்டாம். 1974இல் அனுப்பிய 'ஒஸ்கார் 7' என்ற செய்மதி 1981இல் பற்றறி பழுதாகி ஓய்ந்துபோனது. எல்லோரும் மறந்துவிட்டார்கள். 2002 யூனில் அதன் குரல் திரும்பக் கேட்டது. பற்றறியை நம்பாமல் வெயில் படும் நேரத்தில் மட்டும் அது வேலை செய்தது. எங்கள் குழுக்களிலும் முழு நாளும் நிற்க முடியாதவர்கள், உடம்பில் செல்துண்டோடு இருப்பவர்கள், பிள்ளை பார்க்க ஆளில்லாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களால் முடிந்த நேரத்துக்கு ஒரு வேலை ஒதுக்கி வையுங்கள்.

அடுத்த கூட்டத்தில் கணக்கைச் சுவரில் ஒட்டுங்கள். யாருக்கு என்ன பொறுப்பு என்று கொப்பியில் எழுதுங்கள். வாக்குவாதம் வந்தால் ஒரு கிழமை செய்து பார்த்து முடிவெடுங்கள். முடிவெடுக்க ஒரு திகதி வையுங்கள். கூட்டம் முடிந்ததும், வராதவர் யார் என்று பார்த்து, அவர் வீட்டுப் பக்கம் ஒருக்கால் போய்வாருங்கள்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.